கேரி தீவு வரை சார்ஜ் போதுமா?

விமான நிலையத்தை விட்டு வெளியே வந்து கார் நெடுஞ்சாலையில் ஏறியதுமே எனக்கு வியர்க்கத் தொடங்கியது. மலேசிய வெயிலைப் பற்றி ஊரில் பலரும் சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். ஆனால் காருக்குள் இருந்த புழுக்கத்துக்கு வெயிலைக் குறை சொல்ல முடியாது. புஷ்பா ஏசியைப் போடவில்லை. கண்ணாடியையும் இறக்கவில்லை. காற்று உள்ளே புகுந்தால் வண்டியைப் பின்னுக்கு இழுக்குமாம், அதற்கும் பேட்டரி செலவாகுமாம்.

"கொஞ்சம் பொறுத்துக்க சுசி. வீட்டுக்குப் போய்ட்டா ஃபேன் இருக்கு," என்றாள்.

ஸ்டீயரிங்குக்குப் பக்கத்துத் திரையில் ஓர் எண் தெரிந்தது. அறுபத்து நான்கு. பேட்டரியில் மிச்சமிருக்கும் சதவீதம். அதை அவ்வப்போது பார்த்துச் சொல்வது என் வேலை என்று ஏறியவுடனே உத்தரவாகியிருந்தது. அவள் சாலையைப் பார்க்க வேண்டும் அல்லவா. நான் அறுபத்து மூன்று என்றேன். நெருங்கிய உறவினருக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டவள் போல் பெருமூச்சு விட்டாள்.

புஷ்பா ஈப்போவில் பிறந்தவள். திருச்சியில் நாங்கள் கல்லூரி விடுதியில் ஒரே அறையில் இருந்தோம். படிப்பு முடிந்து அவள் மலேசியாவுக்குத் திரும்பி ஆங்கில ஆசிரியை ஆனாள். நான் திருச்சியிலேயே வங்கி வேலைக்குப் போனேன். கல்யாணமே வேண்டாம் என்று பல வருடம் இருந்தவள், ஐம்பதைத் தாண்டியபின் ஒரு நாள் போன் செய்து, மாப்பிள்ளை கிடைச்சிருக்கார், வந்துடு என்றாள். மறுவாரமே பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்தேன்.

மாப்பிள்ளை மணியம், கேரி தீவில் நண்டுக் கடை வைத்திருப்பவர். மனைவியை இழந்து நாளாகிவிட்டது. புஷ்பா பள்ளி ஆசிரியர்களோடு அங்கே சாப்பிடப் போனவள், நண்டின் ஓட்டை உடைக்கத் தெரியாமல் கரண்டியால் தட்டிக்கொண்டிருந்தாளாம். அவர் அடுப்படியிலிருந்து வந்து, தட்டை எடுத்துக்கொண்டு போய், சதையை மட்டும் பிரித்துக் கொண்டுவந்து வைத்தாராம். அதற்குப் பிறகு அவள் தனியாகவே அங்கே போகத் தொடங்கிவிட்டாள். அப்போது பழைய பெட்ரோல் கார் இருந்தது.

சிக்கல் இந்தப் புதுக் காரால் வந்தது. மின்சாரக் கார் வாங்கியபின் அவள் கேரி தீவுக்கு ஒருமுறைகூட அதை ஓட்டிப் போகவில்லை. அவள் குடியிருக்கும் பிரிக்பீல்ட்ஸிலிருந்து தீவுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நடுவில் நின்றுவிட்டால்? அவருக்குத் தினமும் கடையை விட்டு வர முடியாது. இவளுக்குப் பள்ளியை விட முடியாது. ஆகவே கல்யாணத்துக்குப் பிறகும் வாரநாட்களில் இவள் இங்கே, அவர் அங்கே என்று முடிவாகியிருந்தது. சனி ஞாயிறு மட்டும் அவர் வந்து அழைத்துப் போவாராம். "வீக்எண்ட் பெண்டாட்டி" என்று தன்னையே கிண்டல் செய்துகொண்டாள். சிரிப்பு மட்டும் கூடவே வரவில்லை.

கார் எவ்வளவு தூரம் ஓடும் என்று கேட்டேன். முழுதாக ஏற்றினால் முந்நூறு கிலோமீட்டருக்கு ஓடும் என்றாள். போய்விட்டுத் திரும்பி வந்தாலும் பாதி மிஞ்சுமே என்றேன். கணக்கு அவளுக்கும் தெரியும். ஆங்கிலத்தோடு கணக்கும் நடத்தியவள்.

கெந்திங் மலைக்கு ஒருமுறை ஓட்டிப் போனாளாம். ஏற ஏற எண் சரசரவென்று இறங்கியிருக்கிறது. உள்ளங்கை வியர்த்து, பாதி மலையில் வண்டியைத் திருப்பிவிட்டாள். இறங்கும்போது எண் ஏறியிருக்கிறது. இறக்கத்தில் பேட்டரி தானே கொஞ்சம் நிரம்பும் என்பதை யாரும் அவளுக்குச் சொல்லவில்லை. மீட்டர் கெட்டுவிட்டது என்று கார் விற்றவரிடம் சண்டைக்கே போய்விட்டாளாம். அவர் விளக்கியபின் புரிந்தது. ஆனால் பயம் அப்படியே தங்கிவிட்டது.

எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. திருச்சியில் என் ஸ்கூட்டரின் பெட்ரோல் முள் வேலை செய்து வருடங்கள் ஆகின்றன. வண்டியை ஆட்டிப் பார்த்துச் சத்தத்தை வைத்து எவ்வளவு இருக்கிறதென்று தெரிந்துகொள்வேன். நின்றுவிட்டால் ஒரு பக்கமாகச் சாய்த்து, மறுபடி உதைத்து, அடுத்த பங்க் வரை ஓட்டிவிடுவேன். இதைச் சொன்னேன். இந்தக் காடியைச் சாய்க்க முடியாது லா, என்றாள். மலேசியத் தமிழர்களுக்குக் கார் என்றால் காடிதான்.

பிரிக்பீல்ட்ஸ் எனக்கு உடனே பிடித்துவிட்டது. தலைக்கு மேலே மோனோரயில் போகிறது, கீழே மல்லிகைச் சரம் விற்கிறார்கள். ஒரு கடையில் தமிழ்ப் பாட்டு, அடுத்த கடையில் சீனத்துப் பாட்டு, இரண்டுக்கும் நடுவில் வடை பொரிகிற சத்தம். காலையில் பக்கத்து வீட்டு ஆன்டி மாடிப்படியில் என்னைப் பார்த்து, பசியாறிட்டீங்களா என்று கேட்டார். எனக்கு ஒரு கணம் புரியவில்லை. இங்கே காலை உணவுக்குப் பசியாறுவது என்று பெயர். எங்கள் ஊரில் டிபன் ஆச்சா என்று கேட்டுக் கேட்டு மரத்துப்போன காதுக்கு அந்தச் சொல் அவ்வளவு இதமாக இருந்தது. வாழையிலையில் ரொட்டி சானாயும் பருப்புக் கறியும் வைத்துப் பசியாறினோம். தே தாரிக் என்ற பால் டீயை ஆற்றியவர் குவளைக்கும் குவளைக்கும் இடையே ஒரு முழத்துக்கு நீட்டினார். நம் ஊர் டீ மாஸ்டர்களிடம் இருக்கும் அதே கர்வம் அவர் முகத்திலும் இருந்தது.

புஷ்பா அந்த வாரம் பள்ளிக்கு விடுப்பு எடுத்திருந்தாள். மறுநாள் கல்யாணச் சேலைக்குக் கிள்ளானுக்குப் போக வேண்டியிருந்தது. அங்கே லிட்டில் இந்தியாவில் ஒரு கடையில் ரவிக்கை தைக்கக் கொடுத்திருந்தாள். ரயிலில் போகலாம் என்றாள். கார் எதற்கு வாங்கினாய் என்று கேட்டேன். சாவியை எடுத்தாள்.

கூட்டரசு நெடுஞ்சாலையில் லோரிகளுக்கு நடுவே தோள்பட்டையை இறுக்கிக்கொண்டு ஓட்டினாள். நான் எண்ணைச் சொல்லிக்கொண்டே வந்தேன். கிள்ளானை அடைந்ததும் முதலில் சேலைக் கடைக்குப் போகவில்லை. ஒரு பேரங்காடியின் நிலத்தடியில் சார்ஜ் ஏற்றும் இடத்தைத் தேடிப் போனோம். பேட்டரியில் பாதிக்குமேல் இருந்தது. இருந்தாலும் ஏற்ற வேண்டும்.

இரண்டு இடங்கள்தான். ஒன்றில் பெட்ரோல் கார் ஒன்று வழியை மறித்து நின்றது. மற்றதில் ஒரு நீலக் கார் மின்கம்பி செருகியபடி நின்றது. உள்ளே பெண் ஒருத்தி சீட்டைச் சாய்த்துப் படுத்திருந்தாள். புஷ்பா கண்ணாடியைத் தட்டி, எவ்வளவு நேரமாகும் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அந்தப் பெண் எழுந்து எங்கள் நெற்றிப் பொட்டைப் பார்த்துவிட்டுத் தமிழில் பதில் சொன்னாள். உங்களுக்கு எவ்வளவு இருக்கு அக்கா என்று கேட்டாள். ஐம்பத்தெட்டு என்று புஷ்பா சொன்னதும் அவள் சிரித்தாள். கேலிச் சிரிப்பல்ல. தானும் அப்படித்தான் இருந்தாளாம். அவள் பெயர் ஆக்னஸ், காப்பாரில் பல் மருத்துவர். வண்டி வாங்கிய புதிதில் கிளினிக்குக்குப் போய் வரவே பயந்து, கணவரைப் பின்னாலேயே மோட்டார் சைக்கிளில் வரச் சொல்லியிருக்கிறாள்.

"எப்படிப் பயம் போச்சு?" என்று புஷ்பா கேட்டாள்.

"ஒரு நாள் வேணும்னே சார்ஜைத் தீர்த்துப் பார்த்தேன் அக்கா. பல்லு பிடுங்குறதுக்கு முன்னாடி வரைக்கும்தான் பயம். பிடுங்கினப்புறம் ஒன்னும் இல்ல."

அவளே கம்பியைக் கழற்றி எங்களுக்கு இடம் கொடுத்தாள். தொலைபேசி எண்ணும் கொடுத்தாள். எங்கேயாவது மாட்டிக்கொண்டால் காப்பாருக்கு வந்துவிடுங்கள், வீட்டு வாசலில் பிளக் இருக்கிறது, கூப்பிடாமல் வந்தாலும் சரி என்றாள். ஐந்து நிமிடப் பழக்கத்தில் இப்படி வீட்டுக்கு அழைப்பவர்களை நான் ரயில் பயணங்களில் பார்த்திருக்கிறேன். கார் நிறுத்துமிடத்தில் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை.

ரவிக்கை கச்சிதமாக இருந்தது. கிள்ளான் லிட்டில் இந்தியாவில் நெரிசலுக்கு நடுவே முறுக்கும் அதிரசமும் வாங்கினோம். புஷ்பா எதிலும் மனம் வைக்கவில்லை. திரும்பும் வழியில் திடீரென்று, வியாழக்கிழமை உனக்கு வேற வேலை இருக்கா என்று கேட்டாள். எனக்கென்ன வேலை. வேணும்னே தீர்க்கலாமா என்றாள். அப்போது அவள் முகம், விடுதியில் வார்டனுக்குத் தெரியாமல் சினிமாவுக்குக் கிளம்பிய நாட்களில் இருந்த முகம்.

வியாழன் காலை பாதிக்குச் சற்றுமேல் சார்ஜோடு கிளம்பினோம். அன்றைக்கு விதி ஒன்றுதான்: சிக்கனம் கிடையாது. ஏசியை முழு வேகத்தில் வைத்தாள். பாட்டை ஏற்றினாள். என் கை குளிரில் சில்லிட்டது. அதைச் சொன்னால் குறைத்துவிடுவாளோ என்று துண்டைப் போர்த்திக்கொண்டு சும்மா இருந்தேன்.

முதலில் டெங்கில். அங்கே அவளோடு வேலை பார்த்த ராதா என்ற ஆசிரியை இருக்கிறாள். புதுவீடு கட்டிக் குடிபோனதிலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தவள். புஷ்பா போகவே இல்லை. வாசலில் எங்களைப் பார்த்ததும் ராதா உள்ளே ஓடி, முகம் கழுவிக்கொண்டு திரும்பி வந்தாள். கல்யாணத்துக்கு இரண்டே நாள் இருக்கும்போது மணப்பெண் இப்படி ஊர் சுற்றுவாளா என்று கடிந்துகொண்டே இடியாப்பமும் தேங்காய்ப்பாலும் கொண்டுவந்தாள். பேட்டரியைத் தீர்க்க வந்திருக்கிறோம் என்று புஷ்பா சொன்னதை அவள் நம்பவே இல்லை. கல்யாணப் பதற்றத்தில் ஏதாவது ஆகிவிட்டதா என்று என்னைத் தனியாக அழைத்துக் கேட்டாள்.

அங்கிருந்து பந்திங் வழியாகக் கிள்ளானுக்கு. இரண்டு பக்கமும் எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்கள். நம் ஊரில் தென்னந்தோப்பு என்றால் உள்ளே வெளிச்சம் இருக்கும். இது அடர்ந்து, கீழே பச்சை இருட்டாகக் கிடந்தது. பழக்குலை ஏற்றிய லோரி ஒன்று முன்னால் போனது. புஷ்பா அதை முந்தினாள். முந்தியபின் தானே ஆச்சரியப்பட்டு என்னைப் பார்த்தாள். வழியில் ஒரு மரத்தடிக் கடையில் செண்டோல் குடித்தோம். பனிக்கட்டித் துருவலில் பனைவெல்லப் பாகும் தேங்காய்ப்பாலும் பச்சைப் புழுக்கள் போல ஏதோவும் மிதந்தன. பார்க்கப் பயமாகவும் தின்னத் தேவாமிர்தமாகவும் இருந்தது. கடைக்காரச் சீனப் பெரியவர் காரின் சத்தமே கேட்கவில்லையே என்று மலாயில் கேட்டாராம். புஷ்பா மொழிபெயர்த்தாள். பூனை மாதிரி வந்து நிற்கிறது, நாய்கூடக் குரைக்கவில்லை என்றாராம்.

எண் இருபதுக்குக் கீழே போனதும் திரை சிவந்தது. புஷ்பா பாட்டை நிறுத்தினாள். ஏசியில் கை வைத்தாள், பிறகு எடுத்துக்கொண்டாள். கிள்ளானில் அதே பேரங்காடிக்குப் போய் ஏற்றிவிடுவது எங்கள் திட்டம். நுழையும்போது பன்னிரண்டு இருந்தது. நிலத்தடிக்கு இறங்கினோம். சார்ஜரின் மீது மஞ்சள் நாடா சுற்றியிருந்தது. பழுது. இரண்டுமே.

புஷ்பா காரை நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். காவலாளியிடம் கேட்டேன். இன்று சரியாகாது என்று சைகை காட்டினார். வெளியே மழை பிடித்துக்கொண்டது. மலேசிய மழைக்குத் தூறல் என்ற முன்னுரையே கிடையாது.

மணியத்துக்குப் போன் செய்யட்டுமா என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினாள். கடையைப் போட்டுவிட்டு ஓடி வருவார், அதற்கப்புறம் என் கையில் சாவியைக் கொடுக்கவே பயப்படுவார் என்றாள். பிறகு ஆக்னஸின் எண்ணைத் தேடினாள்.

"வாங்க அக்கா. மெதுவா வாங்க. மீன் சுத்தம் பண்ணிக்கிட்டு இருக்கேன்," என்றது ஒலிபெருக்கியில் குரல்.

கிள்ளானிலிருந்து காப்பார் தூரமில்லை. சாதாரண நாளில் பேசிக்கொண்டே போய்ச் சேர்ந்துவிடலாம். அன்று மழையில் எல்லாரும் ஒரே நேரத்தில் வீட்டுக்குக் கிளம்பியது போல ஜாம். கார் நகரவில்லை. ஆனால் ஒன்றைக் கவனித்தேன். நிற்கும்போது எண் இறங்கவில்லை. பத்து, பத்தாகவே இருந்தது. பெட்ரோல் வண்டி என்றால் நின்ற இடத்தில் குடித்துக்கொண்டிருக்கும். புஷ்பாவும் அதைக் கவனித்துவிட்டாள் என்று தெரிந்தது. இறுக்கிப் பிடித்திருந்த ஸ்டீயரிங்கில் விரல்கள் தளர்ந்தன.

எட்டு. ஏழு. ஐந்துக்கு வந்தபோது திரையில் ஒரு சின்ன ஆமைப் படம் தோன்றியது. வண்டி இனி மெதுவாகத்தான் போகும் என்று அர்த்தமாம். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். வண்டி ஒன்றும் சண்டித்தனம் செய்யவில்லை. இருமவில்லை, உதறவில்லை. ஆமை போலவே, ஆனால் நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. பின்னால் வந்தவர் ஹாரன் அடித்தார். புஷ்பா கண்ணாடியை இறக்கி, மழைக்குள் கையை நீட்டி, முன்னால் போகச் சொல்லி அசைத்தாள்.

"அவ்வளவுதானா சுசி? இதுக்கா நான் இவ்வளவு நாள் பயந்தேன்?" என்றாள். பிறகு சிரித்தாள். அதைப் பார்த்து நானும் சிரித்தேன். ஆமையோடு நாங்கள் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே காப்பாருக்குள் நுழைந்தோம்.

ஆக்னஸின் கணவர் ஜோசப் குடையோடு வாசலில் நின்றிருந்தார். அவர் பள்ளியில் இசை ஆசிரியர். தங்கள் காரைத் தெருவுக்கு மாற்றி நிறுத்தி, எங்களுக்கு இடம் விட்டிருந்தார்கள். புஷ்பா டிக்கியிலிருந்து கம்பியை எடுத்து வாசல் பிளக்கில் செருகினாள். வாங்கியதிலிருந்து அந்தக் கம்பியின் பிளாஸ்டிக் உறையையே அவள் பிரிக்கவில்லை. வீட்டுச் சாதாரண மின்சாரத்தில் ஏறாது என்று நினைத்திருந்தாளாம். பச்சை விளக்கு எரிந்தது. மெதுவாக ஏறும் அக்கா, கஞ்சி குடிக்கிற மாதிரி என்றாள் ஆக்னஸ்.

மெதுவாக ஏறியதால்தான் அந்த மதியம் எங்களுக்குக் கிடைத்தது. காப்பார் மீனவர்களிடம் வாங்கிய மீனில் குழம்பு, வறுவல், கூடவே இறால் விழுதும் மிளகாயும் இடித்த பெலாச்சான் சம்பால். என் நாக்கு எரிந்தது, கை நிற்கவில்லை. சாப்பிட்டபின் ஜோசப் கித்தார் எடுத்தார். தேவாலயத்தில் பாடுகிற பாட்டில் தொடங்கிப் பழைய காதல் பாட்டுக்கு வந்துவிட்டார். கல்யாணப் பெண் பாட வேண்டும் என்று கட்டாயப்படுத்தினார்கள். புஷ்பா பாடினாள். விடுதியில் குளியலறையில் மட்டும் பாடியவள். சுருதி அன்றும் சேரவில்லை, இன்றும் சேரவில்லை. சாயங்காலம் கோப்பியும் வாழைப்பழப் பலகாரமும் வந்தன. மழை விட்டிருந்தது. எண்ணைப் போய்ப் பார்த்தேன். வீடு போய்ச் சேரப் போதுமானதும் அதற்கு மேலும் இருந்தது. புஷ்பா பார்க்க எழுந்திருக்கவே இல்லை. சனிக்கிழமை கேரி தீவுக்கு வந்துவிடுங்கள் என்று அவர்கள் இருவரையும் அழைத்துக்கொண்டிருந்தாள்.

அன்றிரவு மணியம் போன் செய்தார். கல்யாணக் காலையில் விடிவதற்கு முன்பே வந்து அழைத்துக்கொள்கிறேன் என்றார். நானே ஓட்டி வருகிறேன் என்று புஷ்பா சொன்னாள். சரி, தீவுப் பாலத்துகிட்ட நிக்கிறேன் என்றார். அவ்வளவுதான் அவர் பேச்சு.

சனிக்கிழமை காலை மணப்பெண் பட்டுச்சேலையோடு காரை ஓட்டினாள். கொசுவத்தை முழங்காலுக்கு நடுவே செருகிக்கொண்டு, காலில் ரப்பர் செருப்பு. அலங்காரச் செருப்பு பின்சீட்டில் மாலைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்தது. சுங்கச்சாவடியில் பக்கத்து வரிசைக் காரில் இருந்த மலாய்ப் பெண்மணி நெற்றிச்சுட்டியையும் ஸ்டீயரிங்கையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

தீவுக்கு முந்தின ஊரான தெலுக் பங்லிமா காராங்கை நெருங்கும்போது போலீஸார் சாலையை அடைத்திருந்தார்கள். இரவு மழையில் தண்ணீர் ஏறிவிட்டது. சுற்றிப் போகச் சொன்னார்கள். எவ்வளவு சுற்று என்று தெரியவில்லை. முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. என் கண் தானாகவே திரைக்குப் போனது. வாயைத் திறக்குமுன் புஷ்பா சொன்னாள்:

"நம்பர் சொல்லாதே. டைம் மட்டும் சொல்லு."

தோட்டப் பாதைகளில் புகுந்து புகுந்து போனோம். ஓரிடத்தில் வழி தவறி, செம்பனைக் காட்டுக்குள் கம்பம் என்று இங்கே சொல்லும் ஒரு சிற்றூரில் போய் நின்றோம். சைக்கிளில் வந்த அங்கிள் ஒருவர் மணப்பெண் வழி கேட்பதைக் கண்டு திகைத்து, தானே முன்னால் மிதித்துப் போய் முதன்மைச் சாலையைக் காட்டிவிட்டார். நாங்கள் சைக்கிளுக்குப் பின்னால் சத்தமின்றி ஊர்ந்தோம். அவர் இரண்டு முறை திரும்பிப் பார்த்தார், நாங்கள் இன்னும் வருகிறோமா என்று.

பாலத்துக்கு இந்தப் பக்கம் மணியம் நின்றிருந்தார். பட்டு வேட்டியை மடித்துக் கட்டி, மோட்டார் சைக்கிளில் சாய்ந்து, தலையில் ஹெல்மெட். அதற்குள் நெற்றியில் சந்தனம். எங்களைக் கண்டதும் ஓடி வரவில்லை, கை ஆட்டவில்லை. ஹெல்மெட்டின் பட்டையை மாட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பி முன்னால் போனார். ஆனால் பாலம் முழுவதும் அவர் பின்கண்ணாடியிலேயே பார்த்துக்கொண்டு வந்தார். நேராகப் போக வேண்டுமே என்று எனக்குத்தான் கவலையாக இருந்தது.

தோட்டத்து மாரியம்மன் கோயிலில் நாதஸ்வரக்காரர் எங்களைக் கண்டதும் கெட்டிமேளத்துக்கு எழுந்துவிட்டார். இன்னும் தாலியே எடுக்கவில்லை என்று யாரோ அவரை உட்கார வைத்தார்கள். மணியத்தின் தங்கை லெட்சுமி மணப்பெண்ணுக்கு ஆரத்தி எடுத்தவள், காரையும் விட்டுவைக்கவில்லை. டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள். தாலி கட்டும்போது மணியத்துக்கு முடிச்சு சரியாக விழவில்லை. மூன்றாவது முடிச்சைப் புஷ்பாவே பிடித்துக்கொடுத்தாள். கூட்டத்தில் ஆக்னஸ் விசில் அடித்தாள். பல் மருத்துவர் அடிக்கிற விசில் அவ்வளவு சுத்தமாக இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

கோயில் சாப்பாடு சைவம். அது முடிந்து மணியத்தின் வீட்டுக்குப் போனோம். கடையும் வீடும் ஒன்றையொன்று ஒட்டி இருந்தன. புஷ்பா காரை முன்புறக் கூரைக்குக் கீழே நிறுத்திவிட்டு இறங்கினாள். நின்றாள். சுவரில், காரின் மூக்குக்கு நேராக ஒரு பிளக் இருந்தது. மழை படாதிருக்க அதற்கு ஒரு மூடி. பக்கத்தில் கம்பியைச் சுற்றி மாட்ட ஒரு கொக்கி. சுவரின் சுண்ணாம்பில் குழாய் பதித்த தடம் பழையதாகிப் போயிருந்தது. நேற்று முன்தினம் போட்டதல்ல.

எப்ப போட்டீங்க என்று கேட்டாள்.

"நீ காடி வாங்கின வாரம்."

"சொல்லவே இல்லையே."

"சொன்னா நீ வந்துதான் ஆகணும்னு ஆயிடும்ல. உனக்கே வரணும்னு தோணட்டும்னு விட்டுட்டேன்."

புஷ்பா டிக்கியைத் திறந்து கம்பியை எடுத்தாள். பட்டுச்சேலையும் கழுத்தில் மாலையுமாகக் குனிந்து செருகினாள். பச்சை விளக்கு எரிந்தது. பிறகு அவர் தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டு, திங்கட்கிழமை காலையில் எத்தனை மணிக்குக் கிளம்பினால் ஜாம் இருக்காது என்று கேட்டாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. லெட்சுமி வெங்காயம் உரிக்கக் கூப்பிட்டாள், நல்லவேளையாகப் போனேன்.

சாயங்காலம் கடையில் நண்டு. எனக்கும் ஓட்டை உடைக்கத் தெரியவில்லை. மணியம் என் தட்டையும் எடுத்துக்கொண்டு போனார்.

திங்கள் முதல் வியாழன் வரை புஷ்பா பள்ளிக்குப் போய் வந்தாள். முதல் நாள் வாசலில் கார் திரும்பியபோது மணியம் கடையில் வாடிக்கையாளருக்கு நண்டு எடைபோட்டுக்கொண்டிருந்தார். தராசைப் பாதியில் விட்டுவிட்டு வந்தார். வாடிக்கையாளர் கோபித்துக்கொள்ளவில்லை, கூடவே வந்து பார்த்தார்.

வெள்ளிக்கிழமை பள்ளி விடுமுறை தொடங்கியது. எனக்கும் அன்றுதான் விமானம். இருவரும் என்னை விமான நிலையத்தில் விட்டுவிட்டு நேராகப் பினாங்குக்குப் போவதாகச் சொன்னார்கள். அது நாட்டின் மறுகோடி. மணியம் கடையை மூடிப் பலகை மாட்டிவிட்டு, முன்சீட்டில் சீட்பெல்ட்டோடு அடக்கமாக உட்கார்ந்திருந்தார். போகிற வழியெல்லாம் புஷ்பா பேசிக்கொண்டே வந்தாள். அவ்வளவு தூரத்துக்குப் போதுமா என்று நான்தான் கேட்டேன். போதாது, வழியில ஏத்திக்கலாம் லா என்றாள்.

திருச்சியில் இறங்கிப் பெட்டிக்குக் காத்திருக்கும்போது கைப்பேசியை உயிர்ப்பித்தேன். புஷ்பாவிடமிருந்து ஒரு படம் வந்திருந்தது. தாப்பா பக்கத்தில் நெடுஞ்சாலை ஓய்விடம். காரின் முன்மூடிமேல் இரண்டு நாசி லெமாக் சோற்றுப் பொட்டலங்கள் பிரித்து வைத்திருக்கின்றன. மணியம் ஓட்டுக்கூரையின் நிழலில் குந்தி, விரலைச் சப்பிக்கொண்டு கேமராவைப் பார்க்கிறார். கீழே எழுதியிருந்தாள்:

"சார்ஜருக்கு எங்களுக்கு முன்னாடி மூணு காடி நிக்குது. ஒன்னும் அவசரம் இல்ல."